தொலைபேசியில் பூட்டிய ஆணிகள்

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பு அண்ணை என்னிடம் எதையும் கேட்டு அறிந்தது கிடையாது. அவர் யாழ்ப்பாணத்தில் கணக்கு வாத்தியார். நான் அவருடைய தம்பி, அவர் படிப்பித்த அதே கணக்கில் ஓ.எல். பரீட்சையில் இரண்டு தரம் கோட்டை விட்டு, ஒரு கராஜில் லொறிக்கு அடியில் படுக்கப் போனவன். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு என்னை அறிமுகப்படுத்த வேண்டி வந்தால், "இவர் இளையவர்" என்பார். என்ன வேலை என்று சொல்லமாட்டார். அதில் அவமதிப்பு இருந்ததாக இப்போதும் நான் நினைக்கவில்லை. சொல்ல ஒன்றும் இல்லை என்று நினைத்திருப்பார்.

எண்பதுகளின் நடுவில் இருவரும் நாட்டை விட்டு வெளியேறினோம், ஆளுக்கொரு திசையில். நான் லண்டனில், கோலியர்ஸ் வுட்டில், இன்னும் நான்கு பேரோடு ஒரு வீட்டில் இருந்தேன். ரயில் பாலத்துக்குக் கீழே ஒரு கராஜில் வேலை. அண்ணை நோர்வேயின் வடக்குக் கோடியில், கடலோரமாக ஒரு சின்ன ஊரில், மீன் தொழிற்சாலையில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். இருவருடைய அகதி வழக்கும் முடியவில்லை. பாஸ்போர்ட் இரண்டும் அந்தந்த நாட்டு அலுவலகங்களில் கிடந்தன. மூன்று வருடமாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவர் போன் எடுப்பார். எங்கள் வீட்டு வாசல் நடையில் இருந்த போனுக்கு வீட்டுக்காரர் பூட்டுப் போட்டிருந்தார். வெளியிலிருந்து அழைப்பு வரும், நாங்கள் யாரையும் அழைக்க முடியாது.

"தம்பி, உன்னட்டை ஒண்டு கேக்கோணும்," என்றார் அண்ணை. நான் நிமிர்ந்து நின்றேன். "உனக்கு ஸ்நோ ஸ்கூட்டர் தெரியும்தானே?"

தொலைக்காட்சியில் ஒரு தடவை பார்த்திருக்கிறேன். முன்னால் இரண்டு சறுக்குப் பலகை, பின்னால் சக்கரத்துக்குப் பதிலாகச் சுற்றுகிற அகலமான ரப்பர் பெல்ட். பனியைப் புகைபோலக் கிளப்பிக்கொண்டு மலையில் ஏறியது. அவ்வளவுதான்.

"ஓம் அண்ணை, தெரியும்," என்றேன்.

அவரும் அவருடைய அறையில் இருந்த இன்னொரு தமிழ்ப் பெடியனும் சேர்ந்து பழைய ஒன்றை வாங்கியிருந்தார்கள். பக்கத்து மீன்பிடி ஊரில்தான் அந்தப் பக்கத்திலேயே ஒரே ஒரு தமிழ்க் குடும்பம் இருந்தது. சோறும் கறியும் அங்கேதான். குளிர்காலத்தில் றோட்டுப் பாதி நாள் மூடிக்கிடக்கும். மலைக்கு மேலால், உறைந்த ஏரியைக் குறுக்கே கடந்தால் இரண்டு மணித்தியாலத்தில் போய்விடலாம். ஆனால் ஏரியில் காற்று பனியை வழித்துக்கொண்டு போய்விடுகிறது; கீழே வெறும் கண்ணாடி. வண்டி அதில் நிற்கவும் மாட்டாது, திரும்பவும் மாட்டாது.

"இஞ்சை எல்லாரும் பெல்ட்டிலை ஓட்டை போட்டுக் கூரான ஆணி பூட்டுறாங்கள். அது ஐஸைக் கவ்விப் பிடிக்கும். ஆனா ஒரு சிக்கல் கிடக்கு. பெல்ட்டுக்கு மேலை, சீற்றுக்குக் கீழை, நீளத்துக்கு ஒரு அலுமினியப் பட்டை ஓடுது. எஞ்சின் தண்ணி அதுக்குள்ளாலை போய்த்தான் குளிர்ந்து வருது. பெல்ட் கிளப்பிற பனி அதிலை பட்டுத்தான் அது குளிருறது. ஆணி அதிலை முட்டிச்சுது எண்டா வண்டி முடிஞ்சுது. எவ்வளவு உயர ஆணி போடலாம்? பெல்ட்டை எவ்வளவு இறுக்கோணும்?"

கேள்விகள் அவ்வளவு ஒழுங்காக வந்தன. அவர் கேட்டு நான் சொல்லவேண்டிய இடத்தில் நின்றேன். இந்த நாட்டில் எனக்கு அப்படியொரு இடம் வாய்த்ததில்லை. கராஜில் முதலாளி சொல்வார், நான் செய்வேன். குடிவரவு அலுவலகத்தில் அவர்கள் கேட்பார்கள், மொழிபெயர்ப்பாளர் சொல்வார்.

"இடைவெளியை அளந்து பாருங்கோ அண்ணை. ஆணி அதைவிடக் குறைவா இருந்தாச் சரி. பெல்ட்டிலை ஓட்டை போடேக்கை கவனம், ட்ரில் துளைச்சுக்கொண்டு போய் அந்தக் கூலர்ப் பட்டையிலை பட்டிடும். மற்றப் பக்கம் ஒரு பலகைத் துண்டைப் பிடியுங்கோ."

"சரி. பெல்ட்?"

"இறுக்க வேண்டாம். மோட்டச்சைக்கிள் சங்கிலி மாதிரித்தான், கொஞ்சம் தொய்வு இருக்கோணும். இறுக்கினா பெயாரிங் போயிடும்."

"தொய்வு எவ்வளவு?"

"ரெண்டு, மூண்டு விரல்."

"ஆரின்ரை விரல்?"

"அஞ்சு சென்ரிமீற்றர் வையுங்கோ," என்றேன். எங்கிருந்து அந்த ஐந்து வந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. மறுமுனையில் பென்சில் தாளில் உரசும் சத்தம் கேட்டது. அண்ணை நான் சொன்னதை எழுதிக்கொண்டிருந்தார்.

ஆணியை எப்படிப் பூட்டுவது என்று விசாரித்து அடுத்த ஞாயிறு சொல்வதாகச் சொன்னேன். லண்டனில் பனி வண்டி தெரிந்தவனை எங்கே தேடுவது? எங்கள் கராஜுக்கு உதிரிப்பாகம் கொண்டுவருகிறவர்தான், வால்தம்ஸ்டோவில் ஒரு கிழவர் மோட்டார் சைக்கிள் கடை வைத்திருக்கிறார், அந்தக் காலத்தில் ஐஸில் ஓடும் பந்தய வண்டிகளின் டயருக்கு ஆணி பூட்டியவர் என்று சொன்னார். சனிக்கிழமை அரை நாள் லீவு எடுத்துக்கொண்டு ரயிலில் லண்டனின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போனேன்.

கிழவர் நல்ல மனிதர். கடைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டுபோய் சுவரில் தொங்கிய ஒரு பழைய சக்கரத்தைக் காட்டினார். முள்ளம்பன்றி மாதிரி இருந்தது. ஒவ்வொரு ஆணிக்கும் உள்பக்கம் அகலமான தகட்டு வாசர் வைக்கவேண்டும், இல்லாவிட்டால் ரப்பரைப் பிய்த்துக்கொண்டு போய்விடும் என்றார். இரண்டு ஆணி ஒரே கோட்டில் வரக்கூடாது, வந்தால் முன்னது கீறிய கோட்டிலேயே பின்னதும் ஓடும், பிடிக்காது என்றார். நான் எல்லாவற்றையும் சிகரெட் பெட்டி அட்டையில் எழுதினேன். கடைசியில் சக்கரத்துக்கு மேலே கையைக் காட்டி ஏதோ கேட்டார். அவருடைய பேச்சு எனக்குப் பாதிதான் பிடிபட்டது. ஓடும்போது அது வளரும், இடம் இருக்கிறதா என்று கேட்கிறார் என்பதுவரை விளங்கியது. டயர் எப்படி வளரும்? பகிடி விடுகிறார் என்று நினைத்தேன். சிரித்துத் தலையாட்டினேன். அவரும் என் தோளில் தட்டி அனுப்பிவிட்டார்.

அட்டையில் எழுதியதை அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணைக்கு வாசித்தேன். அவர் ஒவ்வொன்றையும் திரும்பச் சொல்லி உறுதிப்படுத்தினார். போனை வைக்கும்போது, "நல்லது. உன்ரை மண்டை நல்லா வேலை செய்யுது," என்றார். அன்று நான் வீட்டில் எல்லாருக்கும் ரீ போட்டுக் கொடுத்தேன்.

மார்ச் மாதத்தில் ஒரு கடிதம் வந்தது. உள்ளே கட்டம் போட்ட தாளில் படம். அண்ணை வண்டியைக் குறுக்காக வெட்டியதுபோல வரைந்திருந்தார், அளவுகோல் வைத்து, பரீட்சைத் தாளுக்குப் போடுவதைப்போல. பெல்ட்டின் மேல்பக்கத்துக்கும் கூலருக்கும் நடுவில் அம்புக்குறி போட்டு நாற்பத்தைந்து மில்லிமீற்றர். ஆணி வெளியே நீட்டுவது முப்பத்திரண்டு. மிச்சம் பதின்மூன்று. பதின்மூன்றுக்குக் கீழே இரண்டு கோடு கீறியிருந்தார். விடை சரி என்றால் அவர் போடுகிற கோடு அது. தொண்ணூற்றாறு ஆணிகளையும் தானே பூட்டியதாகவும், தொய்வு சரியாக ஐந்து சென்ரிமீற்றர் என்றும், வருகிற சனிக்கிழமை முதல் தடவையாக ஏரியைக் கடக்கப்போவதாகவும் எழுதியிருந்தார். படத்தை மடித்து வேலைக்குப் போகிற சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். முதலாளிக்குக் காட்டலாம் என்று.

அந்தச் சனிக்கிழமை காலை கராஜில் ஒரு பழைய கார் நின்றது. தண்ணீர் குறைகிறது, எங்கே போகிறது என்று தெரியவில்லை என்று கொண்டுவந்து விட்டிருந்தார்கள். எண்ணெயைத் திறந்து விட்டால் பாலூற்றியதுபோல வெள்ளையாக வந்தது. தண்ணீர் எண்ணெய்க்குள் போயிருக்கிறது. எஞ்சினின் முன்பக்க மூடியைக் கழற்றினேன். உள்ளே ஓடும் சங்கிலி தேய்ந்து தொய்ந்து தொங்கியது. மூடியைத் திருப்பிப் பார்த்தபோது அதன் உள்பக்கத்தில் ஒரு நீளமான வாய்க்கால் வெட்டியிருந்தது. அலுமினியத்தை அரிந்து அரிந்து, மறுபக்கத்தில் தண்ணீர் ஓடும் வழிவரைக்கும் வெட்டியிருந்தது.

முதலாளி எட்டிப் பார்த்தார். அவர் அயர்லாந்துக்காரர், அதிகம் பேசமாட்டார். "நிற்கும்போது பார்த்தால் தொடாது," என்றார். "ஓடும்போது சங்கிலி வெளியே எறியும். தொய்வாக விட்டால் எல்லாவற்றையும் அறுக்கும்."

ஓடும்போது. வால்தம்ஸ்டோக் கிழவர் சொன்ன வளர்வது அதுதான். அண்ணை அளந்தது நிற்கிற வண்டியை. நான் தொய்வாக விடச் சொன்ன பெல்ட், ஆணிகளின் பாரத்தோடு வேகமாகச் சுற்றும்போது மேலே எழும்பும். பதின்மூன்று மில்லிமீற்றர் அதற்கு ஒன்றுமே இல்லை. நான் சட்டைப் பையிலிருந்து படத்தை எடுத்து அந்த மூடிக்குப் பக்கத்தில் வைத்தேன். என் கை எண்ணெய், அந்த இரண்டு கோட்டின் மேலே பட்டது.

"அவசரமாப் போன் பண்ணவேணும்," என்றேன். முதலாளி கராஜ் போனைக் காட்டினார்.

அண்ணை இருந்த விடுதியின் நம்பர் கடித உறையில் இருந்தது. மூன்றாம் தடவை ஒரு பெண் எடுத்தாள். எனக்கும் ஆங்கிலம் குறைவு, அவளுக்கும் குறைவு. அண்ணையின் பெயரைச் சொன்னேன். "லேக்," என்றாள். "ஸ்கூட்டர். டுமோரோ." காலையிலேயே போய்விட்டார்கள், நாளைக்குத்தான் வருவார்கள்.

"ஸ்டொப் ஹிம்," என்றேன். "ஸ்கூட்டர் நோ குட். மை மிஸ்டேக்."

"யெஸ், யெஸ்," என்றாள். "நைஸ் வெதர்."

பக்கத்து ஊர்த் தமிழ்க் குடும்பத்தின் போன் நம்பர் என்னிடம் இல்லை, அவளிடமும் இல்லை. அந்த ஏரிக்கு என்ன பெயர் என்றுகூட எனக்குத் தெரியாது. பிறகு சர்வதேச அழைப்புக்கான இலக்கத்தைச் சுற்றி, நோர்வேப் பொலிசோடு பேசவேண்டும் என்றேன். எந்த ஊர் என்று கேட்டார்கள். உறையைப் பார்த்து எழுத்து எழுத்தாகச் சொன்னேன். நடுவில் கோடு போட்ட ஒரு வட்டம் இருந்தது. அது என்ன எழுத்து என்று எனக்குத் தெரியவில்லை. ஒருவழியாக இணைத்தார்கள். மறுமுனையில் ஓர் ஆண் குரல் கேட்டது. என்ன நடந்தது என்று கேட்டார். ஒன்றும் நடக்கவில்லை, நடக்கப்போகிறது என்று நான் சொன்னேன். அவர் பொறுமையாகத்தான் கேட்டார். அங்கே எல்லாரும் ஏரியைக் கடக்கிறார்கள், வராவிட்டால் நாளை பின்னேரம் திரும்ப எடுங்கள் என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. நான் அவருடைய இடத்தில் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

முதலாளி ஒன்றும் கேட்காமல் என்னை வீட்டுக்கு அனுப்பினார். நடந்துவரும் வழியில் ஒரு பயண ஏஜென்சியின் கண்ணாடியில் விமானப் படம் ஒட்டியிருந்தது. அதற்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். என் கையில் இருந்ததெல்லாம் படம் ஒட்டிய ஓர் அகதிக் கடிதம். அதை வைத்துக்கொண்டு கடலைத் தாண்ட முடியாது; தாண்டினால் திரும்ப வர முடியாது.

ஞாயிறு பத்து மணிக்குப் போன் அடிக்கவில்லை. நான் நடையில், படிக்கட்டின் கீழ்ப் படியில் உட்கார்ந்திருந்தேன். வீட்டில் இருந்தவர்கள் என்னைத் தாண்டிப் போனார்கள், வந்தார்கள். ஒருவர் சோற்றுக் கோப்பையைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். இரண்டு தடவை போன் அடித்தது, இரண்டும் வேறு ஆட்களுக்கு. பேசுகிறவர்களைச் சீக்கிரம் வைக்கச் சொல்லி நான் சைகை காட்டினேன். பின்னேரம் தெருமுனைப் போன் பெட்டிக்குப் போய் விடுதிக்கு அழைத்தேன், யாரும் எடுக்கவில்லை. நான் அங்கே நிற்கும் நேரத்தில் அண்ணை வீட்டுக்கு அழைத்துவிடுவாரோ என்று ஓடி வந்தேன். பொலிசை அழைக்கத் திரும்பப் போனேன். இந்தத் தடவை வேறு ஆள். ஆங்கிலமே இல்லை.

திங்கள் மத்தியானம் போன் வந்தது. நான் வேலைக்குப் போகவில்லை.

"தம்பி, வந்திட்டம்," என்றார் அண்ணை. குரல் சாதாரணமாக இருந்தது. "நேற்றுப் பின்னேரமே வந்திட்டம். வண்டி நடுவழியிலை நிண்டிட்டுது."

"கூலரோ?"

"ஓம். போகேக்கை ஒண்டுமில்லை. திரும்பி வரேக்கை ஏரியிலை ஒரு திட்டிலை ஏறிக் குதிச்சுது. டக்கெண்டு ஒரு சத்தம். பாத்தா ஐஸெல்லாம் பச்சை நிறத்திலை எஞ்சின் தண்ணி. கொஞ்சத் தூரம் ஓடிச்சுது, பிறகு எஞ்சின் இறுகிப்போச்சு. மிச்சத்தை நடந்து வந்தம்."

"எவ்வளவு தூரம்?"

"பெரிய தூரமில்லை."

"உங்களுக்கு ஒண்டுமில்லையே?"

"ஒண்டுமில்லை. ரெண்டு பேருக்கும் ஒண்டுமில்லை. ஒரு கிழமை லீவு தந்திருக்கிறாங்கள்."

நான் சொல்லத் தொடங்கினேன். தொய்வு பிழை, ஐந்து சென்ரிமீற்றர் பிழை, எனக்கு... அவர் இடைமறித்தார். "விடு. பழைய வண்டி. லைன் கட்டாகப் போகுது, வைக்கிறன்," என்றார். ஒரு வார லீவு எதற்கு என்று நான் கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்ற பயமாக இருக்கலாம்.

அதற்குப் பிறகும் ஞாயிறுகளில் பேசினோம். வண்டியைப் பற்றி அவர் பேசவில்லை, நானும் பேசவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் அவருக்கு நோர்வேப் பாஸ்போர்ட் கிடைத்தது; என்னைப் பார்க்க லண்டன் வந்தார். நான் அப்போது கலியாணம் கட்டி, கோலியர்ஸ் வுட்டிலேயே ஒரு ஃப்ளாட்டில் இருந்தேன். விமான நிலையத்தில் அவரைப் பார்த்ததும் மெலிந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். நடையில் ஏதோ ஒரு சின்ன இழுப்பு; வயது என்று நினைத்தேன். அடுத்த நாள் காலை குளித்துவிட்டு வந்து சோபாவில் உட்கார்ந்து கால் துடைத்தார். இடது காலில் கடைசி மூன்று விரல்களும் இல்லை.

என் மனைவி கையில் ரீயோடு அப்படியே நின்றாள். நான் அவருக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"அந்தத் தரமோ?"

"ஓம். சப்பாத்துக்குள்ளை அந்தக் கூலன்ட் தண்ணி போயிட்டுது. என்ன நடந்தது எண்டு குனிஞ்சு பாக்கேக்கை காலிலை ஊத்திப்போட்டுது. நடக்கேக்கை விரலெல்லாம் உறைஞ்சிட்டுது."

"ஒண்டுமில்லை எண்டு சொன்னீங்களே அண்ணை."

"ஆஸ்பத்திரியிலை இருந்துதான் உனக்குப் போன் எடுத்தனான். சொல்லி என்ன செய்யிறது? உன்னாலை வரவும் ஏலாது. இஞ்சை இருந்து அழுவாய். அவ்வளவுதானே."

எனக்கு அந்த வண்டியைத் தெரியாது, தொலைக்காட்சியில் பார்த்ததோடு சரி என்று அப்போதுதான் சொன்னேன். ஏழெட்டு வருடம் சொல்லாமல் வைத்திருந்ததை அவருடைய காலைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. துவாயை மடித்தார்.

"விளங்கியிருக்கோணும்," என்றார். "நான் எத்தினை பிள்ளையளுக்குப் படிப்பிச்சனான். தெரிஞ்ச பிள்ளை கொஞ்சம் யோசிச்சிட்டுத்தான் சொல்லும். நீ டக்கு டக்கெண்டு சொன்னனி."

"அங்கை ஆரையும் கேட்டிருக்கலாமே. எல்லாரும் பூட்டுறாங்கள் எண்டு சொன்னீங்கள்."

"எங்கடை மீன் ஃபக்டரி ஃபோர்மன் தானே வந்து பூட்டித் தாறன் எண்டவர். வண்டியே அவரிட்டைத்தான் வாங்கினது. நான்தான் வேண்டாம் எண்டனான்." மடித்த துவாயைப் பக்கத்தில் வைத்தார். "என்ரை தம்பி லண்டனிலை மெக்கானிக், அவனைக் கேக்கிறன் எண்டு சொன்னனான்."

அந்த ஒரு வசனத்தை அவர் வாயால் கேட்க நான் சின்ன வயதிலிருந்து காத்திருந்தேன். அது வந்தபோது என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவர் பேப்பரும் பென்சிலும் கேட்டார். அந்த வண்டியைத் தாங்கள் பிறகு திருத்தியதைச் சொன்னார். ஃபோர்மனே வந்து எஞ்சினைத் திருத்தி, வேறு கூலர் போட்டாராம். ஆணி உயரத்தைப் பாதியாகக் குறைத்தார்கள். கூலரின் இரண்டு பக்கமும் நீளத்துக்கு இரண்டு தடித்த தண்டவாளம்போலப் பட்டை பூட்டினார்கள். பெல்ட் எழும்பினாலும் அந்தப் பட்டையில்தான் முதலில் உரசும், கூலரைத் தொடாது. அந்தப் பட்டைகளுக்கு ஓட்டை போடும்போதும் கூலர் எங்கே ஓடுகிறது என்று முதலில் சோக்கினால் கோடு கீறிவிட்டுத்தான் ட்ரில்லைத் தொட்டாராம். பெல்ட்டை நன்றாக இறுக்கினார்கள். அண்ணை எல்லாவற்றையும் அளவோடு வரைந்தார். பிறகும் நான்கு குளிர்காலம் அந்த ஏரியைக் கடந்தாராம்.

"பயமா இருக்கேல்லையோ?" என்று மனைவி கேட்டாள்.

"முதல் தரம் அந்தத் திட்டைத் தாண்டேக்கை இருந்தது," என்றார்.

நான் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு கோடும் எனக்கு விளங்கியது. என் தொழில் அது. அண்ணை ரீயை எடுத்துக் குடித்தார். சீனி காணாது என்று மனைவியிடம் சொன்னார். அவள் உள்ளே போனாள். அவர் காலுறையை எடுத்து, விரல் இல்லாத இடத்தில் பஞ்சு வைத்து, மெதுவாக மாட்டத் தொடங்கினார். நான் உதவி செய்யக் கையை நீட்டினேன். "இல்லை, எனக்கு ஏலும்," என்றார்.